மூன்றாம் மாடி வாசகி வீட்டுக்கு வந்தவர்கள்

தொடர்கதையின் முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் ஆற்றில் மூழ்கி இறந்துபோன பெண், அதைப் பற்றிய வாசகர் கடிதம் வெளியான மூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஈரத் தலையோடு வந்து மூன்றாம் மாடி வீட்டின் கதவைத் தட்டினாள். கையில் பை எதுவும் இல்லை. "அக்கா, நீங்கதானே எழுதினது?" என்று கேட்டாள். கதவைத் திறந்த பெண்மணி ஆமாம் என்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் துண்டு கொடுத்தார். துண்டு நனைந்தது, தலை காயவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு வந்த பதினோரு வருடங்களிலும் காயவில்லை. கதையில் அவளைக் கடைசியாக வர்ணித்தபோது தலை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அவள் சாய்ந்து உட்கார்ந்த நாற்காலியின் முதுகுத் துணி வெளுத்துப்போனதைத் தவிர வீட்டில் வேறு சேதம் இல்லை.

அந்த வீட்டுக்காரி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். மருத்துவர் எழுதிக் கொடுத்த பவருக்கு லென்ஸை எடுத்து, விளிம்பைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, வந்தவரின் மூக்கில் வைத்துப் பார்த்து, காதுப்பக்கத்துக் கம்பியைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பது அவர் வேலை. அரை மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை வலிக்கும். அதனால் எதையும் இரண்டு முறை பார்க்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. கதை படிக்கும்போதும் சினிமா பார்க்கும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை வார இதழ் வந்ததும் தொடர்கதையை ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை நிதானமாகவும் படிப்பார். பிறகு பன்னிரண்டு வரிக்கு மிகாமல் ஒரு கடிதம் எழுதுவார். பன்னிரண்டு வரி என்பது இதழின் சட்டம். பெயர் போடமாட்டார். 'மூன்றாம் மாடி வாசகி' என்று கையெழுத்திடுவார். இதழ் அலுவலகத்தில் அந்த உறையைப் பிரிக்கும்போது, பக்கத்து மேசைக்காரர்கள் "இன்னிக்கு யாருக்கு விழுது?" என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அவர் எல்லாச் சாவையும் எதிர்த்தவர் அல்ல. நோயில் படுத்த ஒரு அப்பா பாத்திரத்தைப் பற்றி, 'இவர் இரண்டு வாரம் முன்னாலேயே போயிருக்கலாம், படுக்கையிலிருந்து புத்திமதி சொல்வதாவது மிச்சமாகியிருக்கும்' என்று எழுதியவர் அவர்தான். எழுதுகிறவருடைய சௌகரியத்துக்காக நடக்கிற சாவுகளைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ஆற்றில் மூழ்கிய பெண் அப்படிப் போனவள். இரண்டு பெண்கள் ஒரே ஆளை விரும்பினார்கள். எழுத்தாளருக்கு ஒருத்தி அதிகம். ஆறு பக்கத்தில் இருந்தது. இப்படிப்பட்ட சாவு வரும்போது அவர் கடிதத்தின் கடைசி வரி எப்போதும் ஒன்றாகவே இருக்கும்: 'கொன்றிருக்க வேண்டாம்.' அந்த வரியோடு அச்சாகிவிட்டால் மூன்றாம் நாள் ஆள் வந்துவிடும். அதே வரியை எழுதிய மற்ற வாசகர்கள் வீட்டுக்கு ஏன் யாரும் வரவில்லை என்பதை ஒருவரும் ஆராயவில்லை.

இரண்டாவதாக வந்தவன் ஒரு திரைப்படத்தில் நாயகனின் நண்பன். அவனைப் பற்றி அவர் எழுதியது இது: 'நாயகனுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காக நண்பனைச் சுட்டுவிட்டார்கள். பிணத்தைப் பார்க்காமல் அந்த ஆளுக்குக் கோபமே வராதா? இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நண்பன் தன் தங்கை கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே என் வீட்டுக்காரர், இவன் முடிந்தான் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். படம் பார்க்காத மனிதருக்கே தெரிகிற சாவை எதற்கு எடுக்க வேண்டும்? அந்தப் பையனைக் கொன்றிருக்க வேண்டாம்.' வந்தவனின் சட்டையில் ஓட்டை இருந்தது. தைத்துக் கொடுத்தார், மறுநாள் அதே இடத்தில் ஓட்டை விழுந்தது. நல்ல பிள்ளை. ஆனால் எதற்கும் குறுக்கே விழுகிற பழக்கத்தை அவனால் விட முடியவில்லை. தெருவில் பிள்ளைகள் பந்தை அடித்தால் ஜன்னலுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் பாய்ந்து நிற்பான். பால் பொங்கும்போது அடுப்புக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து கையை விரிப்பான்.

மூன்றாவது, தொலைக்காட்சித் தொடரில் வந்த நீதிபதியின் முதல் மனைவி. அந்த வேடத்தில் நடித்த நடிகை பிரசவத்துக்கு விடுப்புக் கேட்டதால் கதையில் லாரி மோதியது. கடைசிக் காட்சியில் அவர் கையில் ஒரு பெட்டி இருந்தது; வரும்போதும் இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. தொடரில் அந்தப் பெட்டியை யாரும் திறந்து காட்டவில்லை. நான்காவது, ஒரு துப்பறியும் நாவலில் மூன்றாம் பக்கத்திலேயே கொலையான வாட்ச்மேன். நாவல் தொடங்க ஒரு பிணம் வேண்டியிருந்தது, வாசலில் அவர் நின்றிருந்தார். இவர் விஷயத்தில் வாசகி ஒரு தப்புச் செய்தார். இடதுகைப் பழக்கம் உள்ளவன் அந்த நாவலின் கொலைகாரன். அவசரத்தில் அதை வாட்ச்மேனுக்கு மாற்றி, 'இடது கையால் சல்யூட் அடிக்கிற பாவப்பட்ட மனிதர்' என்று கடிதத்தில் எழுதிவிட்டார். அதுவும் அச்சாகிவிட்டது. மனிதர் இடதுகைக்காரராக வந்து சேர்ந்தார். சட்டைப் பொத்தான் போட அரைமணி நேரம் ஆகும், டீ பாதி தரையில் கொட்டும். "பரவாயில்லம்மா, பழகிடும்" என்பார். பழகவே இல்லை. அன்றிலிருந்து வாசகி புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டுதான் கடிதம் எழுதினார். எழுத்தாளர் எழுதியதும், அதன் மேல் தான் எழுதியதும் சேர்ந்துதான் ஆளாகி வருகிறது என்பது அவருக்குப் புரிந்துபோயிற்று.

எழுதாதது எதுவும் அவர்களிடம் இல்லை. வாட்ச்மேனுக்கு மூன்று பெண்கள் என்று நாவலில் ஒரு வரி இருந்தது, பெயர் இல்லை. பெண்களின் பெயரைக் கேட்டால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார். ஆற்றுப் பெண் கதையில் ஒரே ஒரு முறை, அதுவும் ஆரஞ்சுப் பழம்தான் சாப்பிட்டிருந்தாள். வீட்டிலும் அது மட்டும்தான் சாப்பிட்டாள். பதினோரு வருடத்தில் இந்த நான்கு பேர்தான் வந்தார்கள். ஒரு வாசகி எவ்வளவு சிக்கனமாகத் தன் கடைசி வரியைப் பயன்படுத்தினார் என்பதற்கு இது சாட்சி. கட்டடத்தில் குடியிருந்தவர்கள் சங்கம் கூடிப் பேசி, படிக்கட்டில் தண்ணீர் சொட்டாமல் அந்தப் பெண் தலையில் துணி கட்டிக்கொண்டு நடந்தால் போதும் என்று முடிவு செய்தது.

வாசகியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் பாதி அவர் கை பட்டு ஏறி இறங்கின. குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. தினமும் சாயங்காலம் கருவிப் பையோடு மூன்று மாடி ஏறி வந்து, வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஊரையே ஏத்தி இறக்கறேன், என் தலையெழுத்து நடந்து ஏறணும்" என்பார். இதை அவர் இருபத்து மூன்று வருடம் சொன்னார். கதை படிக்கமாட்டார். சினிமாவுக்குக் கூப்பிட்டால் வருவார், இடைவேளைக்கு முன் தூங்கிவிடுவார், விளக்குப் போட்டதும் எழுந்து "யார் செத்தா?" என்று கேட்பார். பிள்ளை பிறந்தால் வேண்டும் என்று அவரே சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த அறை பிள்ளை இல்லாமல் கிடந்தது. அந்த அறையில்தான் கதையில் செத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கினார்கள். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. நண்பனுக்கு ஸ்க்ரூ முடுக்கக் கற்றுக் கொடுத்தார். நீதிபதியின் மனைவியுடைய காலிப் பெட்டியில் தன் பழைய கம்பிச் சுருள்களை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு வைத்துக்கொண்டார். "பேனா மூடியை ஒளிச்சு வைக்கப் போறேன். இல்லேன்னா அடுத்த மாசம் நான் மாடிப்படியிலதான் படுக்கணும்" என்று மனைவியிடம் சொல்வார். சொன்னாரே தவிர ஒளித்து வைத்ததில்லை.

அவர் இறந்த நாள் காலையில் நடந்தது மிகச் சின்ன விஷயம். வாசகி சாப்பாட்டு மேசையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பதரை மணித் தபாலுக்குள் போட்டால்தான் அடுத்த இதழுக்குப் போகும். கணவர் இடது தோள் நேற்றிலிருந்து வலிக்கிறது என்றார். வாசகி நிமிராமல் ம் என்றார். கணவர் இன்னொரு முறை சொன்னார். பிறகு, "எவனெவனோ செத்ததுக்கெல்லாம் உக்காந்து எழுதற. வீட்ல ஒருத்தன் வலிக்குதுங்கறான்" என்றார். வாசகி எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டு, அப்போதும் நிமிராமல், "நீங்க கதையில வந்திருந்தா நாலாவது வாரமே தீத்துக் கட்டியிருப்பாங்க. உங்களுக்காக ஒருத்தரும் ஒரு கடிதம்கூடப் போட்டிருக்க மாட்டாங்க" என்றார்.

கணவர் பதில் சொல்லவில்லை. கருவிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் இடது காலணியின் நாடா அவிழ்ந்திருந்ததைப் பார்த்துக் குனிந்து கட்டினார். முடிச்சு பாதியில் இருக்கும்போது இதயம் நின்றுவிட்டது. வாசகி கடிதத்தைத் தபாலில் போட இறங்கியபோதுதான் பார்த்தார்.

நாயகனின் நண்பன் பல நாட்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நான் முன்னால போயிருக்கணும் அக்கா. மாமாவுக்கு முன்னால படியில நான்தான் இறங்கியிருக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். வாசகி கண்ணாடிக் கடைக்குப் போனார், வந்தார். செவ்வாய்க்கிழமை இதழைப் பிரிக்காமல் அடுக்கி வைத்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், நல்ல சாவு, யாருக்கும் பாரம் வைக்காமல் போய்விட்டார் என்றார்கள். வாசகிக்கு அந்தச் சாவில் ஒரு நல்லதும் தெரியவில்லை. சினிமாவில் இப்படி ஒரு சாவு வந்திருந்தால் பன்னிரண்டு வரியும் போதாமல் கிழித்திருப்பார். காரணம் இல்லை, முன்னறிவிப்பு இல்லை, முடிச்சுகூட முழுசாக இல்லை. அன்று காலை சொன்ன அந்த ஒரு பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்குக் கணவர் வேண்டும். வேறு எதற்கும் வேண்டாம் என்றில்லை. முதலில் அதற்கு வேண்டும்.

ஏழாம் மாதம் அவர் தொடர்கதை எழுத்தாளருக்கு, வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்லி ஒரு தனிக் கடிதம் எழுதினார். ஆற்றில் பெண்ணை மூழ்கடித்தவர் அவர்தான். மூன்று வார இதழ்களில் மூன்று தொடர்களை ஒரே சமயத்தில் எழுதுகிற மனிதர். திங்கட்கிழமை ஒருத்தியைக் காதலிக்க வைத்து, புதன்கிழமை இன்னொருத்தியை விதவையாக்கி, வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் குழப்பிக்கொண்டு உதவியாளரிடம் திட்டு வாங்குகிறவர். கடிதம் கிடைத்ததும் கண்ணாடிக் கடைக்குத் தொலைபேசி செய்தார்.

"அம்மா, நான்தான் பேசறேன். நீங்க திட்டற ஆள்."

"தெரியுது. என் வீட்டுக்காரரை உங்க கதையில கொண்டு வரணும். வந்து கொஞ்ச நாள்ல கொல்லணும்."

"பதினோரு வருஷமா கொல்லாதே கொல்லாதேன்னு எழுதினீங்களேம்மா."

"இப்ப கொல்லச் சொல்றேன்."

எழுத்தாளர் ஒரு காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, எப்படிக் கொல்ல வேண்டும் என்று கேட்டார். "வழக்கமா நீங்க கொல்ற மாதிரிதான். காரணமே இல்லாம" என்றார் வாசகி. எழுத்தாளருக்குச் சிரிப்பு வந்தது. இடம் சரியில்லை என்று அடக்கிக்கொண்டார். தெரியாத ஆளை எழுதினால் தெரியாத ஆள்தான் வருவார், அதனால் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள் என்றார்.

வாசகி நாற்பது பக்கம் எழுதி அனுப்பினார். கணவர் டீயை ஆற்றாமல் குடிப்பது, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து அவர் பேசிக்கொண்டே வேலை செய்வது, சினிமாவில் தூங்குவது, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் சொல்லும் வசனம், எல்லாம் இருந்தன. எழுதியதை இரண்டு முறை சரிபார்த்தார். கடைசிப் பக்கத்தில், 'அன்று காலை வாசல்வரை போய், பார்த்துப் போங்க என்று சொல்லி அனுப்பினேன்' என்று எழுதினார். அவர் வாழ்நாளில் காகிதத்தில் எழுதிய ஒரே பொய் அது.

லிஃப்ட் மெக்கானிக் புதுத் தொடரின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வந்தார். நாயகனும் நாயகியும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட கதைகளில் அவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதில்லை. வெளியிலிருந்து கதவைத் திறக்கிற ஆளாக நான்கு வாரம் மட்டும் அவரை வைத்திருப்பதாகத்தான் எழுத்தாளர் திட்டமிட்டிருந்தார். உள்ளே இருந்த நாயகி பயந்து அழ, வெளியிலிருந்து மெக்கானிக், "அழாதம்மா, அழுதா கண்ணாடியில ஆவி பிடிக்கும், அப்புறம் அதையும் நான்தான் தொடைக்கணும்" என்றார். இது நாற்பது பக்கத்தில் இருந்த வரி. அந்த வாரம் இதழுக்கு வந்த கடிதங்களில் பாதி மெக்கானிக்கைப் பற்றி இருந்தன. அடுத்த வாரம் இன்னும் அதிகம். நாயகனும் நாயகியும் என்ன ஆனார்கள் என்று கேட்க ஆளில்லை. ஐந்தாவது வாரம் வந்தது, ஆறாவது வாரம் வந்தது, எழுத்தாளர் அவரைக் கொல்லவில்லை. வாசகி மறுபடியும் செவ்வாய்க்கிழமைகளில் இதழைப் பிரிக்க ஆரம்பித்தார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேரும் உட்கார, நீதிபதியின் மனைவி உரக்கப் படிப்பார். "மாமா இப்படித்தான் பேசுவாரு" என்று ஆற்றுப் பெண் சொல்வாள். ஒரு வாரம் மெக்கானிக் ஒரு பூனையை லிஃப்ட் குழியிலிருந்து எடுத்தார். ஒரு வாரம் சினிமாவில் தூங்கினார். சில வாரங்களில் வாசகிக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, படிக்கட்டுப் பக்கம் பார்ப்பார்.

பத்தொன்பதாவது வாரம் எழுத்தாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "விட்டுடலாமாம்மா? என்னால முடியலை. கடைசி அத்தியாயத்துல வீட்டைப் பூட்டிட்டு வேலைக்குப் போற மாதிரி நிறுத்திடறேன். தொடர் முடிஞ்சுட்டா அப்புறம் அவரை யாரும் தொட முடியாது. எப்பவும் இருப்பார்" என்றார். வாசகி ஒரு நாள் அவகாசம் கேட்டார். அன்று கடையில் ஒரு வயதான ஆளுக்கு லென்ஸைத் தள்ளிப் பொருத்திவிட்டு, அவர் தலையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து மறுபடி கழற்றிப் பொருத்தினார். மறுநாள் வாசகியே எழுத்தாளரைக் கூப்பிட்டார். "உயிரோட இருக்காருதான். ஆனா அங்க இருக்காரு. இங்க வரணும்னா நீங்க அதைச் செய்யணும்" என்றார். "சரிம்மா" என்றார் எழுத்தாளர். அன்றைக்கு மற்ற இரண்டு தொடர்களுக்கும் அவர் அத்தியாயம் எழுதவில்லை. இருபது வருடத்தில் அப்படி நடந்தது அது ஒரு முறைதான்.

அந்த அத்தியாயம் செவ்வாய்க்கிழமை வந்தது. மோசமாகக் கொல்லத்தான் எழுத்தாளர் உட்கார்ந்தார் என்று பின்னால் அவரே சொன்னார், கை கேட்கவில்லை. காலையில் மெக்கானிக்கின் மனைவி வாசல்வரை வருகிறார். பார்த்துப் போங்க என்கிறார். அவர் தலையாட்டிவிட்டு இறங்குகிறார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாடா அவிழ்ந்திருக்கிறது. குனிகிறார். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. முடிச்சு பாதியில் நிற்கிறது. அவ்வளவுதான். இதழுக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு கடிதங்கள் வந்தன. அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர் மனம் வராமல் அந்தப் பக்கத்தை மட்டும் மறுநாள் கோத்திருந்தார்.

வாசகி எடுத்த எடுப்பில் எழுதியிருக்க வேண்டும். 'கொன்றிருக்க வேண்டாம்' என்று ஒரு வரி போதும், வியாழக்கிழமை ஆள் வந்துவிடும். காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். நான்கு பேரும் என்னவென்று கேட்டபோது, அந்தக் காலையில் உண்மையில் என்ன சொன்னார் என்பதை முதல் முறையாக வெளியே சொன்னார். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. கதையில் செத்தவர்கள் அதைவிட மோசமான வசனங்களைக் கேட்டிருந்தார்கள். ஆனால் சிக்கல் எல்லாருக்கும் புரிந்தது. வருகிறவர் எழுதியபடி வருவார். அவர் காதில் 'பார்த்துப் போங்க' மட்டும்தான் இருக்கும்.

"அப்படியே வரட்டுமே" என்றார் நீதிபதியின் மனைவி. "அந்தப் பேச்சு அவருக்குத் தெரியவே தெரியாது. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டு, இனிமே நல்லபடியா இருங்களேன்."

"எனக்குத் தெரியுமே" என்றார் வாசகி.

வாட்ச்மேன் இடது கையால் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். "தப்பா எழுதினா தப்பாத்தாம்மா வரும்" என்றார். அவர் குறை சொல்கிற மனிதர் அல்ல. அன்றைக்கும் குறையாகச் சொல்லவில்லை. வாசகி எழுந்து போய் அவருடைய பொத்தான்களைப் போட்டுவிட்டு வந்து பேனாவை எடுத்தார்.

கடிதம் இப்படி இருந்தது: 'ஆசிரியருக்கு. லிஃப்ட் மெக்கானிக்கின் சாவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அதில்தான் தப்பு. பதினோரு வருடமாக மற்றவர்கள் தங்கள் சௌகரியத்துக்கு எழுதுகிறார்கள் என்று குற்றம் சொல்லி வந்தேன். இந்த முறை என் சௌகரியத்துக்கு நான் எழுதிக் கொடுத்தேன், எழுத்தாளர் நம்பிவிட்டார். அன்று காலை மனைவி வாசலுக்கு வரவில்லை. நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை. அவர் தோள் வலிக்கிறது என்று இரண்டு முறை சொன்னார்.' அதற்குக் கீழே, அவர் சொன்னதையும் தான் சொன்னதையும் ஒரு சொல் மாற்றாமல் எழுதியிருந்தார். 'அவர் பதில் சொல்லாமல் இறங்கினார். அந்தப் பதில் அவரிடம் இருந்திருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் அது இல்லை. அதனால் படிக்க நன்றாக இருக்கிறது. மற்றபடி, அந்த மனிதரைக் கொன்றிருக்க வேண்டாம். மூன்றாம் மாடி வாசகி.'

மொத்தம் இருபது வரி. கடிதப் பகுதியைப் பார்க்கிற உதவி ஆசிரியர், யாராக இருந்தாலும் பன்னிரண்டுதான் என்று நடுவில் எட்டு வரியைச் சுழித்துவிட்டார். வீட்டுச் சண்டையை எல்லாம் அச்சில் போடுவதா என்று அவருக்குத் தயக்கம். செய்தி தெரிந்து எழுத்தாளர் அன்றே நேரில் வந்தார். உதவி ஆசிரியர் மேசைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "எட்டு வரிதானே வேணும்? என் அத்தியாயத்துல வெட்டிக்குங்க" என்றார். எங்கே வெட்டுவது என்று கேட்டதற்கு, "எங்க வேணா. நாயகன் நாயகியைப் பாத்து ஏதோ சொல்லிட்டிருக்கான், அதை எடுத்துடுங்க" என்றார். பக்கம் அச்சுக்குப் போகிறவரை எழுந்திருக்கவில்லை. அந்த இதழில் நாயகன் தன் காதலைச் சொல்லாமலே விட்டுவிட்டதற்குக் காரணம் இதுதான். அதைக் கேட்டு ஒரு வாசகரும் எழுதவில்லை.

கடிதம் வெளியான மூன்றாம் நாள் வாசகி கடைக்கு விடுப்புச் சொன்னார். வீடு பெருக்கியிருந்தது. ஒன்பது மணிக்குக் கீழே வாசல் கதவு திறந்தது. ஏறி வருகிற காலடி எல்லாருக்கும் தெரிந்த காலடி. ஒவ்வொரு படியிலும் கருவிப் பை ஒருமுறை இடிக்கும். முதல் மாடி தாண்டியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் சத்தம் நின்றுவிட்டது. நாயகனின் நண்பன் பாய்ந்து எழுந்தான். வாசகி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆற்றுப் பெண்ணின் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு நாடாவைக் கட்ட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று. பிறகு காலடி மறுபடியும் ஏறியது.

வாசலில் நின்று மூச்சு வாங்கினார். ஊரையே ஏற்றி இறக்கும் வசனத்தை அன்றைக்குச் சொல்லவில்லை. முகம் கடுகடுவென்று இருந்தது. பையைக் கீழே வைத்தார். உள்ளே வந்து, சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை கடிதம் வந்துச்சு?" என்று கேட்டார்.

"ஆயிரத்து நூத்தி நாப்பத்திரண்டு" என்றார் வாசகி. இந்த முறை நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "என்னுதோட நாப்பத்து மூணு."

"நாலாவது வாரம்னு சொன்னே."

"பத்தொம்பது வாரம் இருந்தீங்க. தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் அந்தக் கணக்கைச் சற்று நேரம் யோசித்தார். கடுகடுப்பு முழுவதும் போகவில்லை, பாதி போயிற்று. "தோள் வலிக்குதுன்னேன்" என்றார்.

"இப்ப வலிக்குதா?"

"இப்ப இல்ல."

வாசகி எழுந்து வந்து அவருடைய இடது தோளில் கை வைத்துப் பார்த்தார். பிறகு டீ போடப் போனார். பால் பொங்கியபோது நண்பன் குறுக்கே வந்து நின்றான். கணவர் டீயை ஆற்றாமல் குடித்தார்.

லிஃப்ட் கம்பெனியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதால், அவசர வேலைகளுக்கு மட்டும் கூப்பிட்டுக்கொண்டார்கள். வாசகி நாற்பது பக்கத்தில் எழுத மறந்தவை அவரிடம் இல்லை. தங்கள் கல்யாணம் எந்த மாதம் நடந்தது என்றுகூட அவருக்குத் தெரியாது. சாயங்காலங்களில் வாசகி ஒவ்வொன்றாகச் சொல்வார், அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு "இருக்கும்" என்பார். மாதம் ஒருமுறை சினிமாவுக்குப் போனார்கள். அவர் இடைவேளைக்கு முன் தூங்கினார். மற்றபடி, அவருடைய இடது காலணியின் நாடா மட்டும் எத்தனை முடிச்சுப் போட்டாலும் பாதியில் அவிழ்ந்துகொண்டே இருந்தது. அவர் வேலைக்குக் கிளம்புகிற ஒவ்வொரு காலையிலும் வாசகி எழுதிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு வாசல்வரை வந்து, குனிந்து, அதைக் கட்டி அனுப்பினார். இரண்டாம் மாடித் திருப்பம் வருவதற்குள் அது அவிழ்ந்துவிடும். அங்கே இரண்டாம் மாடிக்காரர்கள் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார்கள்.